தோற்றவர் பிள்ளையை அனுப்ப வேண்டும்

நெய்வேலி, வட்டம் 21
19.9.2016

செங்குட்டுவன் அவர்களுக்கு,

போன வாரம் நீங்கள் பேசிய பேச்சுக்குப் பிறகு உங்கள் எண்ணை என் போனில் தடை செய்துவிட்டேன். இனி எதுவானாலும் தபாலில் எழுதுங்கள். வாயால் சொன்னதை மறுநாளே 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்பீர்கள். தாளில் எழுதினால் அந்த வித்தை செல்லாது.

மூன்று வருடத்துக்கு முன் நாம் பிரிந்தபோது இரட்டைப் பிள்ளைகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டோம். வளவனை நீங்கள் பின்லாந்துக்குத் தூக்கிக்கொண்டு போனீர்கள். வெண்மதி என்னிடம் நின்றாள். அப்போது இரண்டுக்கும் ஏழு வயது. இன்று பத்து. ஞாயிற்றுக்கிழமை உங்கள் நண்பர் கொளஞ்சிநாதன் போனில் அவனிடம் பதின்மூன்றாம் வாய்ப்பாடு கேட்டேன். பதின்மூன்று ஏழு எவ்வளவு என்றதற்கு, 'கொஞ்சம் இரும்மா, படம் போட்டுப் பாக்கறேன்' என்கிறான். வெட்கமாக இல்லையா உங்களுக்கு? பள்ளியில் மரம் அறுக்கவும் ஊசியில் நூல் கோக்கவும் சொல்லிக் கொடுக்கிறார்களாம். அதைக் கற்க அவ்வளவு தூரம் விமானத்தில் போக வேண்டுமா? இங்கே சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தையல் கடையில் விட்டிருக்கலாமே.

வெண்மதி காலாண்டில் கணக்கில் நூறு. வகுப்பில் முதல். உங்கள் மகனிடம் எத்தனையாவது ரேங்க் என்று கேட்டேன், 'ரேங்க்னா என்ன?' என்றான். நீங்கள் என் பிள்ளையைக் கெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அன்புக்கரசி

*

எஸ்போ, பின்லாந்து
2.10.2016

அன்புக்கரசிக்கு,

கடிதம் கிடைத்தது. சிவப்பு மையில் எழுதாமல் விட்டாயே, அதற்கு நன்றி.

பதின்மூன்று ஏழு தொண்ணூற்றொன்று என்று வெண்மதிக்குத் தெரியும். சரி. கடைசியாகப் பேசிய அன்று அவளிடம் நான் ஒன்று கேட்டேன்: 'ஏன் தொண்ணூற்றொன்று?' வாய்ப்பாட்டை முதலிலிருந்து ஒப்பித்துப் பார்த்தாள். பிறகு, 'மிஸ் அப்பிடித்தான் சொன்னாங்கப்பா' என்றாள். அந்த மிஸ் வேறு யாருமில்லை, நீதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு விரலில் காய்ப்பு காய்த்திருக்கிறது. உன் அப்பாவுக்கு மைன்ஸில் பதினெட்டு வருடம் கான்ட்ராக்டில் மண் அள்ளிக் காய்த்த கை மாதிரி.

இங்கே ஏழு வயதில்தான் பள்ளி. ஒவ்வொரு பாடத்துக்கும் நடுவில் பதினைந்து நிமிடம் பிள்ளைகளை வெளியே துரத்துகிறார்கள், பனி கொட்டினாலும். இந்த வகுப்பில் ரேங்க் இல்லை, முட்டி போடுவது இல்லை, ஸ்கேலால் அடிப்பது இல்லை. வளவன் போன வாரம் தானே ஒரு ஸ்டூல் செய்து கொண்டுவந்தான். அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஆடவில்லை.

எந்த நாட்டுப் பள்ளி நல்லது என்று நாம் வாயாலேயே அடித்துக்கொள்வதில் பயனில்லை. இருவரும் ஒரே வயது, ஒரே வயிறு. ஆளுக்கொரு வினாத்தாள் தயாரிப்போம். இருவரும் இரண்டு தாளையும் எழுதட்டும். முடிவு தெரிந்துவிடும். பயமாக இருந்தால் வேண்டாம்.

செங்குட்டுவன்

*

நெய்வேலி
17.10.2016

செங்குட்டுவன் அவர்களுக்கு,

பயமா? பதினான்கு வருடம் வினாத்தாள் போட்டே சாப்பிடுகிறேன்.

ஆனால் சும்மா எழுதிப் பார்க்க நான் தயாரில்லை. பரீட்சை என்றால் அதற்கு ஒரு விளைவு இருக்க வேண்டும். எனவே என் நிபந்தனை: தோற்றவர் தன்னிடம் இருக்கும் பிள்ளையை மற்றவரிடம் அனுப்பிவிட வேண்டும். பிறகு இரண்டு பிள்ளைகளும் ஜெயித்தவரிடம்தான் வளரும். கோர்ட் இல்லை, பஞ்சாயத்து இல்லை.

மற்ற விதிகள். நாள்: பிப்ரவரி 5, ஞாயிறு. என் தாள் கணக்கு, ஐம்பது மதிப்பெண். உங்கள் தாள் உங்கள் இஷ்டம், ஐம்பது. இங்கே கண்காணிக்க உங்கள் நண்பர் கொளஞ்சிநாதன் வரட்டும், முதல் ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்துவிடுவார். அங்கே உங்கள் பக்கத்து வீட்டு ருக்குமணி அக்கா இருக்கட்டும், அவர் பொய் சொல்ல மாட்டார். வெண்மதியின் விடைத்தாள் நேராக உங்களுக்கு வரும். வளவனுடையது நேராக எனக்கு. ஆளுக்கு எதிராளியின் பிள்ளையைத் திருத்துவோம். விடைத்தாளையும் மதிப்பெண்ணோடு திருப்பி அனுப்ப வேண்டும்.

இன்னொன்று. பரீட்சை முடியும் வரை பிள்ளைகள் இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது. கேள்வி கசியும். கொளஞ்சிநாதன் போனில் ஞாயிறுதோறும் பேசிக்கொண்டிருந்தார்கள். அதை நேற்றோடு நிறுத்திவிட்டேன்.

அன்புக்கரசி

*

எஸ்போ
6.11.2016

அன்புக்கரசிக்கு,

எல்லா நிபந்தனைக்கும் சம்மதம். பிள்ளையைப் பந்தயம் வைக்கும் யோசனை எனக்கு வரவில்லை, உனக்கு வந்தது. அதையும் குறித்து வைத்துக்கொள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதையும் நீ குறித்து வைத்திருப்பாய்.

நேற்று வளவனிடம் சொன்னேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். 'தோத்தா நான் நெய்வேலிக்குப் போயிடணுமா?' என்றான். ஆமாம் என்றேன். 'ஜெயிச்சா?' வெண்மதி இங்கே வருவாள் என்றேன். 'அவ நல்லா படிப்பாளாப்பா?' என்று கேட்டான். வகுப்பில் அவள்தான் முதல், உன்னைவிட நன்றாகப் படிப்பாள், அதனால் நீ உழைக்க வேண்டும் என்றேன். பயமுறுத்தினால் பிள்ளை படிக்கும் என்ற உன் வழியை ஒரு தடவை நானும் பார்க்கிறேன்.

நாம் இருவரும் எப்படி வளர்ந்தோம் என்பது உனக்கு மறந்திருக்காது. பத்தாம் வகுப்பில் நான் நானூற்று அறுபது வாங்கியபோதுதான், அதுவரை என்னை வாசலிலேயே நிறுத்திப் பேசிய வாத்தியார் 'உள்ள வாப்பா' என்று நாற்காலி போட்டார். மதிப்பெண் இல்லையென்றால் இன்றும் வாசலில்தான் நின்றிருப்பேன். அந்த வாசலை என் பிள்ளைகள் பார்க்கவே கூடாது என்றுதான் இங்கே வந்தேன். நீ வாசலை வீட்டுக்குள்ளேயே கட்டி வைத்திருக்கிறாய்.

செங்குட்டுவன்

*

நெய்வேலி
8.1.2017

செங்குட்டுவன் அவர்களுக்கு,

வினாத்தாள் உறை இதனுடன். அரக்கு முத்திரை உடைந்திருந்தால் எழுதுங்கள்.

நாற்காலிக் கதையை ஆயிரம் முறை கேட்டாயிற்று. எனக்கு அந்த நாற்காலி கூடக் கிடைக்கவில்லை. பெண்ணுக்கு எதற்கு இவ்வளவு மார்க் என்றார்கள், என் ஆட்களும் உங்கள் ஆட்களும். அதனால்தான் வெண்மதியை விடுவதாயில்லை.

அவள் காலையில் ஐந்து மணிக்கு எழுந்து கணக்குப் போடுகிறாள். நேற்று ஒரு தப்புக்கு ஒரு அடி கொடுத்தேன். அழவில்லை. 'தோத்தவங்கதான் போவணுமாம்மா? ஜெயிச்சவங்க போவக் கூடாதா?' என்று கேட்டாள். முட்டாள் மாதிரிப் பேசாதே, ஜெயித்தால் எதற்குப் போக வேண்டும், வளவன் இங்கே வருவான் என்றேன். 'அவன் தோப்பானா?' என்றாள். அவன் அப்பா ஊரில் பத்துப் பன்னிரண்டு வயது வரை யாரும் தோற்கவே மாட்டார்கள், அங்கே எல்லாரும் ஜெயித்தவர்கள்தான், அதனால் ஜாக்கிரதையாக இரு என்றேன். பொங்கலுக்குப் புதுத்துணி வேண்டாம் என்கிறாள். படிப்பில் அவ்வளவு கவனம்.

அன்புக்கரசி

*

நெய்வேலி
20.2.2017

செங்குட்டுவன் அவர்களுக்கு,

வளவனின் விடைத்தாள் இன்று வந்தது. உடனே திருத்திவிட்டேன்.

என் தாளில் ஐம்பதுக்கு மூன்று. உங்கள் தாளில், உங்களுடைய சொந்தத் தாளில், ஐம்பதுக்கு ஒன்று. 'பள்ளிக்குப் போக இரண்டு வழி இருந்தால் எந்த வழியில் போவாய், ஏன்?' என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளை 'எனக்குத் தெரியாது' என்று எழுதியிருக்கிறான். உலகமே வந்து பார்த்துப் போகும் பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் படித்த பிள்ளைக்குத் தன் பள்ளிக்குப் போகும் வழி தெரியவில்லை!

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருபது வருடமாக உங்களிடம் தோற்றுக்கொண்டே இருந்தேன், பேச்சில், படிப்பில், எல்லாவற்றிலும். இன்றைக்கு நான் ஜெயித்தேன்.

டிக்கெட் எப்போது போடுகிறீர்கள் என்று தெரிவியுங்கள். ஆடும் ஸ்டூலோ ஆடாத ஸ்டூலோ, அதை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புக்கரசி

*

எஸ்போ
20.2.2017

அன்புக்கரசிக்கு,

வெண்மதியின் விடைத்தாள் என் முன்னால் இருக்கிறது. முத்துமுத்தான கையெழுத்து. அதற்கு மதிப்பெண் உண்டென்றால் போட்டிருப்பேன்.

உன் கணக்குத் தாளில் இரண்டு. என் தாளில் பூஜ்யம். நூறுக்கு நூறு வாங்கும் மகாராணி! ஐந்து மணிக்கு எழுப்பி, அடித்து, மனப்பாடம் செய்யவைத்து நீ சேர்த்தது இதுதான். கொஞ்சம் இடம் மாறினால் எல்லாம் ஆவியாகிவிடும் என்று நான் அன்றே சொன்னேன்.

பாவம் என்று தோன்றியது. மறுநிமிடம் சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை. அவளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கும் வேலையைத் தொடங்கு. ஆகஸ்டில் இங்கே வகுப்பு ஆரம்பம்.

செங்குட்டுவன்

*

நெய்வேலி
12.3.2017

செங்குட்டுவன் அவர்களுக்கு,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. உங்களுடையதைப் படித்ததும் நீங்கள் ஏதோ மோசடி செய்துவிட்டீர்கள் என்றுதான் நினைத்தேன். கொளஞ்சிநாதனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னது இது:

'பாப்பா மொதல்ல கடகடன்னு போட்டுகினு வந்துச்சுங்க. அப்பறம் ரப்பர எடுத்து அழிக்க ஆரம்பிச்சிடிச்சி. சரி, தப்ப திருத்திக்குதுன்னு நெனச்சிகினு நான் பேப்பர் படிச்சிகினு இருந்துட்டேன். கடைசில எங்கிட்ட கேட்டுச்சு, மாமா, இது எல்லாம் தப்பாதான இருக்குன்னு. நான் என்னாத்த கண்டேன், வெளையாடுதுன்னு சிரிச்சிட்டேன்.'

வெண்மதியை நிற்க வைத்துக் கேட்டேன். ஸ்கேல் கையில் இருந்தது, மறைக்கவில்லை. மூன்றாவது அடியில் சொன்னாள்: 'நான் தோத்தாதான அங்க போவ முடியும். வளவன் தோக்க மாட்டான்னு நீதான சொன்ன. அவன் ஜெயிச்சிகினு அங்கயே இருப்பான், நான் போயிட்டா ரெண்டு பேரும் ஒண்ணா இருப்போம்ல.'

பிறகு வளவன் தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஆசிரியைக்கு அது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும், ஜெயித்த மயக்கத்தில் தோன்றவில்லை. எல்லாக் கணக்கும் சரியாகப் போட்டு அழித்திருக்கிறான். பதின்மூன்று ஏழு தொண்ணூற்றொன்று என்று பென்சில் தடம் அப்படியே இருக்கிறது. அதன்மேல் பன்னிரண்டு என்று எழுதியிருக்கிறான். அவள் முதல் ரேங்க், அவள் தோற்க மாட்டாள், தான் தோற்றால் அவளிடம் வரலாம் என்று அவன் கணக்கு.

இரண்டும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு போய்த் தோற்றிருக்கின்றன.

இதற்குமேல் பேச என்ன இருக்கிறது? அவனை அனுப்பிவிடுங்கள். இருவரும் இங்கே என்னிடம் இருக்கட்டும்.

அன்புக்கரசி

*

எஸ்போ
26.3.2017

அன்புக்கரசிக்கு,

படித்தேன். வளவனையும் கேட்டேன். நான் அடிக்காமலே சொன்னான். நீ எழுதியது உண்மைதான்.

ஒரு நாள் முழுக்க வேலைக்குப் போகவில்லை. 'ரெண்டு பேரையும் அங்க வெச்சிக்கோ' என்று உனக்கு எழுத இரண்டு தடவை தாளை எடுத்தேன். எழுத முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன். அவன் தங்கையைத் தேடிப் போகத் தோற்றான் என்பது சரி. ஆனால் அதற்காக என்னை விட்டுப் போகத் தயாராக இருந்தான் இல்லையா? மூன்று வருடம் சமைத்துப் போட்டு, ஷூ நாடா கட்டிவிட்டு, காய்ச்சலில் மடியில் போட்டு வளர்த்த பிள்ளை, ஒரு ரப்பரை எடுத்து என்னை அழித்துவிட்டான். உன் பிள்ளையும் உனக்கு அதையேதான் செய்தாள். அதை மட்டும் நீ எழுதாமல் தாண்டிப் போகிறாய்.

இருவரும் ஒன்றாக இருக்க வேண்டுமென்றால் வெண்மதியை இங்கே அனுப்பு. அவள் வாங்கியது இரண்டு. அவன் நான்கு. மதிப்பெண்படி தோற்றது நீ.

செங்குட்டுவன்

*

நெய்வேலி
9.4.2017

செங்குட்டுவன் அவர்களுக்கு,

பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இரண்டு பெரிதா நான்கு பெரிதா என்று சண்டை போட உங்களால்தான் முடியும். என்னாலும் முடிகிறது. வேண்டுமென்றே தோற்றது இரண்டு பேரும்தான். விதிப்படி தோற்றவர் பிள்ளையை அனுப்ப வேண்டும். நீங்களும் தோற்றீர்கள், நானும் தோற்றேன். நீங்கள் அவனை அனுப்புங்கள், நான் இவளை அனுப்புகிறேன். யாருக்கும் யாரும் கடன் இல்லை.

இதை எழுதும்போது எனக்குப் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. பிள்ளைகள் கேட்டது இதுவல்ல என்று தெரியும். இருவரில் ஒருவர் விட்டுக்கொடுத்தால் முடிந்துபோகும் என்றும் தெரியும். என்னால் முடியாது. நீங்களும் முடியாது என்று எழுதிவிட்டீர்கள். நேற்று அவள் என் பக்கத்தில் படுத்துக்கொள்ள வந்தாள். போய் உன் பாயில் படு என்றேன். போகத் துடித்தவள் போகட்டும்.

அன்புக்கரசி

*

எஸ்போ
23.4.2017

அன்புக்கரசிக்கு,

சரி. மே 28, சென்னை விமான நிலையம். வளவனைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, அன்று மாலையே வெண்மதியோடு திரும்புகிறேன். அவள் ஸ்வெட்டர் அளவு அனுப்பு.

செங்குட்டுவன்

*

எஸ்போ
27.8.2017

அன்புக்கரசிக்கு,

மூன்று மாதமாக எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லை.

விமான நிலையத்தில் நாற்பது நிமிடம் அந்த இரண்டும் நாற்காலியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நீயும் பார்த்தாய். நாம் ஆளுக்கொரு பக்கம் நின்று பெட்டியைக் காவல் காத்தோம். என்ன பேசினார்கள் என்று உனக்குத் தெரிந்தால் எழுது. வெண்மதி சொல்ல மாட்டேன் என்கிறாள். பிரியும்போது இரண்டும் அழவில்லை என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இங்கே வகுப்பு தொடங்கிவிட்டது. மொழி தெரியாமலே கணக்கில் எல்லாரையும் தாண்டிப் போகிறாள். ஆசிரியை ஆச்சரியப்படுகிறார். 'வளவன் எப்பிடிப் படிக்கிறான், அம்மா எழுதினாங்களா?' என்று மட்டும் வாரம் ஒருமுறை கேட்கிறாள். இவ்வளவு நன்றாகப் படிக்கும் பிள்ளையை நீ மனப்பாட இயந்திரமாக வைத்திருந்தாய் என்று இங்கே நிரூபணமாகிவிட்டது. வளவன் என்ன மதிப்பெண்?

செங்குட்டுவன்

*

நெய்வேலி
1.10.2017

செங்குட்டுவன் அவர்களுக்கு,

கேட்டீர்கள், சொல்கிறேன்.

வளவன் ஆறாம் வகுப்பில் இருக்கிறான். நான்தான் வகுப்பு ஆசிரியை. தமிழ் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுகிறான், கணக்கு என்னைவிட வேகமாகப் போடுகிறான், வீட்டில். காலாண்டுத் தேர்வில் ஐந்து பாடத்துக்கும் வெறும் தாள் கொடுத்தான். பெயர், வகுப்பு, பிரிவு மட்டும் அழகாக எழுதியிருந்தான். நாற்பத்து மூன்று பிள்ளைகளுக்கு முன்னால், நான் பெற்ற பிள்ளை. தலைமை ஆசிரியை சுப்புலட்சுமி மேடம் என்னைக் கூப்பிட்டு, 'ஒங்க பையனுக்கே இப்பிடின்னா மத்த பசங்களுக்கு என்ன சொல்றது மிஸ்?' என்றார்கள்.

அடித்தேன். இந்தக் கடிதத்தில் பொய் எழுதப் போவதில்லை, நிறையவே அடித்தேன். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அடிக்கும்போது எப்படிக் கையை வைத்துக்கொண்டால் வலி குறையும் என்று வெண்மதி விமான நிலையத்தில் சொல்லிக் கொடுத்தாளாம். அங்கே பேசியது அதுதான், அதோடு இதுவும். போன தடவை இருவரும் தோற்றதால்தான் காரியம் கெட்டது. இந்தத் தடவை ஒருவர் மட்டும் தோற்க வேண்டும், மற்றவர் ஜெயிக்க வேண்டும். யார் தோற்பது என்று பேசியிருக்கிறார்கள். நான் தோக்கறேன், என்னை அங்க அடிக்க மாட்டாங்க என்று அவள் சொன்னாளாம். வளவன் என்னிடம் சொன்னான்:

'அங்க எங்க கிளாஸ்ல ஃபெயிலே கெடையாதும்மா. வெத்துத் தாள் குடுத்தாலும் டீச்சர் சிரிச்சிட்டு அப்பறமா எழுதும்பாங்க. அவ எப்பிடித் தோப்பா? இங்கதான் தோக்க முடியும். அதான் நான் தோக்கறேன்னு சொன்னேன். எப்பம்மா என்னை அனுப்புவ?'

பல்லைக் கடித்துக்கொண்டுதான் அதுவரை நின்றேன். அதைக் கேட்டதும் சமையலறைக்குப் போய் அழுதேன். அழுது முடித்தபோது மனம் இளகியிருக்கும் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இளகவில்லை. அவளையும் உங்களிடம் கொடுத்து, இவனையும் கொடுத்துவிட்டு, இந்தக் குவார்ட்டர்ஸில் நான் யாருக்கு வாய்ப்பாடு கேட்பது?

அவனுடைய ஐந்து தாளையும் நானே எழுதினேன். இடது கையால், பிள்ளைக் கையெழுத்தில். மற்ற ஆசிரியைகளிடம் பையன் உடம்பு சரியில்லாமல் மறுதேர்வு எழுதினான் என்று கொடுத்துத் திருத்தி வாங்கினேன். பதினைந்து வருடத்தில் யாருக்கும் அரை மதிப்பெண் கூட்டிப் போட்டதில்லை. அழுதுகொண்டு வந்த தாய்மார்களை வெளியே அனுப்பியிருக்கிறேன். இப்போது என் மகன் வகுப்பில் மூன்றாவது ரேங்க். உங்களுக்கு வேண்டிய மதிப்பெண் இதுதான். எண்பத்தாறு சதவீதம். அரையாண்டுக்கும் நானே எழுதுவேன். முழுப் பரீட்சைக்கும் நானே எழுதுவேன். இதை வைத்து என்மேல் புகார் கொடுப்பதென்றால் கொடுங்கள், கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்புகிறேன்.

நேற்று ப்ரோக்ரஸ் கார்டை அவனிடம் கொடுத்தேன். வெகு நேரம் பார்த்தான். 'நான் எதுவுமே எழுதலையேம்மா' என்றான். நீ பாஸ் என்றேன். எப்போதும் பாஸ்தான் என்றேன். கார்டை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, 'அப்ப இங்கயும் தோக்க முடியாதா?' என்றான்.

முடியாது என்றேன்.

வெண்மதி வாரம் ஒருமுறை கேட்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அண்ணன் பாஸ் ஆகிவிட்டான் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். அவன் தோற்று அங்கே வருவான் என்று காத்துக்கொண்டிருக்கப் போகிறாள்.

அன்புக்கரசி